கொலுவில் வைத்த கீரை

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரை, மூட்டுவலி இரண்டையும் பேசி முடித்துவிட்டு நேராகச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்தக் காலத்து நெய், அந்தக் காலத்து அரிசி என்று ஆளுக்கு ஆள் அளப்பார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உண்மையைச் சொன்னால், என்னுடைய அந்தக் காலத்தில் நெய் கண்ணிலேயே படவில்லை, அரிசியும் அரைகுறைதான். ஒரு மழைக்காலம் முழுக்க நாங்கள் தின்றது களை. தோட்டக்காரன் பிடுங்கி ஓரமாக வீசுகிற களை.

பருப்புக்கீரையைத்தான் சொல்கிறேன். உங்களில் அதைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். தெரியாத மாதிரி இருக்கிறவர்கள் இருக்கலாம். தரையோடு தரையாகப் படரும். சிவந்த, கொழுத்த தண்டு. இலை ஒவ்வொன்றும் பொம்மைக்கரண்டி அளவு. கிள்ளி வாயில் போட்டால் முதலில் புளிக்கும், பிறகு வழவழவென்று இறங்கும். காலையில் பொட்டு மாதிரி மஞ்சளாக ஒரு பூ பூத்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். பிடுங்கி வெயிலில் போட்டாலும் லேசில் சாகாது. ஒரு தூறல் விழுந்தால் போதும், கிடந்த இடத்திலேயே வேர் விட்டுவிடும். பெங்களூரில் இதைக் கன்னடத்தில் கோணி சொப்பு என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பேரே கிடையாது. "அது வெந்துதா?" என்பார் அப்பா. "அது ஆச்சு" என்பாள் அம்மா.

பெங்களூர் அல்சூரில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அப்பா, பட்டாளத்துக்குத் துணிமணி தைத்துக் கொடுத்துவந்த ஒரு கம்பெனியில் கணக்கர். வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பலேறியதும் துணி வாங்க ஆளில்லாமல் கம்பெனியை மூடிவிட்டார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. சந்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அப்பா தினமும் காலையில் கறுப்புக் கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டி, பித்தளை டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கேரியரின் பூட்டு ஒரு நீளக் கரண்டி. அடுக்குகளின் காது வழியாகக் கரண்டிக் காம்பைச் செருகிவிட்டால் திறக்காது. நடக்கும்போது கிலுக் கிலுக் என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்தே எதிர்வீட்டு அம்மா, "ஆபீசுக்காரர் கெளம்பிட்டார், மணி ஆச்சு" என்று தன் பிள்ளைகளை விரட்டுவாள்.

உலகத்தில் எல்லாருடைய கேரியரும் காலையில் கனமாகப் போய் மாலையில் லேசாகத் திரும்பும். எங்கள் அப்பாவுடையது காலையில் லேசாகப் போய் மாலையில் கனமாகத் திரும்பியது. அடுக்கு அடுக்காகக் கீரை. "ஆபீஸ் பக்கத்துல ஒரு கீரைக்காரி வராம்மா, நல்லா இருக்குது" என்று சொல்லி அடுப்படியில் வைப்பார். அம்மா ஒன்றும் கேட்காமல் ஆயத் தொடங்குவாள். பூண்டு, மிளகாய், கொஞ்சம் புளி. மண்சட்டியில் வேகவிட்டு மத்தால் கடைந்தால் பச்சையும் பழுப்புமாக ஒரு குழம்பு. பருப்புக்கீரை என்று பேர்தானே தவிர, பருப்பு என்ற சாமானை அந்தச் சட்டி மாதக்கணக்கில் பார்க்கவில்லை. ராகிக் களியை உருட்டி அதில் தோய்த்து விழுங்குவோம். ருசியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லக்கூட இன்றைக்குக் கூச்சமாக இருக்கிறது பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பூக்களைப் பார்த்து வரைவதற்காக எங்களைப் பெரிய பார்க்குக்கு அழைத்துப் போனார்கள். கன்னா வாழைப் பாத்திக்குப் பின்னால் ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெஞ்சில் கறுப்புக் கோட்டு ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. அதன்மேல் தலைப்பாகை. பாத்தி ஓரத்துக் களையை வேரோடு பிடுங்காமல் நுனி நுனியாகக் கிள்ளி, பித்தளை அடுக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ அந்நியர் மாதிரி மரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். என் பக்கத்தில் வந்த பெண், "பைத்தியம் போல இருக்குது" என்றாள். நான் என் காகிதத்தில் கன்னாப்பூவை அழுத்தி அழுத்திச் சிவப்பாக்கினேன்.

அன்று மாலை கேரியர் வழக்கம்போலக் கனமாக வந்தது. கீரைக்காரியைப் பற்றி அப்பா எதுவும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் முன்பே தெரியும் என்பது எனக்கு அவர்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொண்ட ஆள் நான்தான்.

பிறகு அம்மா கொல்லையிலேயே வளர்க்க ஆரம்பித்தாள். அப்பா கொண்டுவரும் தண்டுகளில் முற்றினதை ஒதுக்கி, ரோஜாத் தொட்டிகளிலும் ஓட்டை வாளியிலும் செருகிவிடுவாள். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. யாராவது கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தால், ரோஜாவுக்கு ஊற்றுவதாக நான் பாவனை செய்ய வேண்டும். அந்த ரோஜாச் செடிகள் அந்த வருஷம் குடித்த தண்ணீருக்கு ஒரு மொட்டுகூட விடவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டே, யாராவது பாத்திரத்தில் ஏதாவது கொடுத்தனுப்பினால் அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம். கழுவித் துடைத்து, பதிலுக்குப் பண்டம் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். எதிர்வீட்டு அம்மா தாராளக்காரி. வடை, பாயசம் என்று கிண்ணம் வந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பா காலி. அம்மா அந்தக் கிண்ணங்களைத் திருப்ப முடியாமல் அலமாரியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். கடைசியில் ஒவ்வொன்றிலும் ஒரு கொத்துக் கருவேப்பிலையைப் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். "பரவால்ல கண்ணு, பாத்திரம் வெறுமையா வரலையே" என்று எதிர்வீட்டு அம்மா வாங்கிக்கொண்டாள். எனக்குக் காது சுட்டது.

இந்த நிலையில் தசரா வந்தது. வேலை போனாலும் கொலுவை விட முடியாது. விட்டால் சந்தே கேட்கும். பொம்மைகள் இருந்தன, படிக்கட்டும் இருந்தது. கொலுவுக்கு முன்னால் வைக்கிற பார்க்குதான் பிரச்சினை. உங்களுக்குத் தெரியும், தாம்பாளத்தில் மண் பரப்பி, கடுகும் ராகியும் தூவி முளைக்கவைத்து, நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து ஏரி என்போம்.

"ஒரு கைப்பிடி ராகிய மண்ணுல கொட்டறதா? ஒரு வேளைக் களிம்மா அது" என்றாள் அம்மா.

அக்காதான் வழி சொன்னாள். அக்கா படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்தவள். கை வேலையில் கெட்டிக்காரி. கொல்லைக் கீரையிலிருந்து இளம் தண்டாகக் கிள்ளி, ஈர மண்ணில் நெருக்கமாக நட்டாள். சில நாளில் எல்லாம் நிமிர்ந்துகொண்டது. தீப்பெட்டியில் பாண்டு வாத்திய மேடை, கண்ணாடி ஏரி, அதைச் சுற்றிலும் கொழுகொழுவென்று பச்சை. காலையில் அதில் மஞ்சள் பூ வேறு. சந்தில் இருந்த அத்தனை கொலுவிலும் அந்த மாதிரி பார்க்கு கிடையாது. பார்த்தவர்கள் எல்லாம் இது என்ன சீமைச் செடியா என்று கேட்டார்கள். அக்கா சிரித்துச் சமாளித்தாள். யாராவது குனிந்து உற்றுப் பார்க்கும்போதெல்லாம் நான் குறுக்கே போய் நின்றுகொள்வேன்.

அந்தக் கொலுவுக்கு ஆனேக்கல்லிலிருந்து ஒரு அம்மா வரப்போகிறாள் என்று எங்கள் ஒன்றுவிட்ட சித்தி சொல்லிவிட்டுப் போனாள். மகனுக்குப் பெண் தேடுகிறார்களாம். பெண் பார்க்க வருகிறோம் என்று வந்தால், பிடிக்காமல் போகும்போது இரண்டு பக்கமும் தலைகுனிவு. அதனால் கொலு பார்க்கிற சாக்கில் வருவது. பெண் பாடுவாள், தாம்பூலம் கொடுப்பாள், வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒத்துவந்தால் அப்புறம் ஆள் வரும். வராவிட்டால் கொலு பார்க்கத்தான் வந்தார்கள் என்று ஆகிவிடும். பையனுக்கு நிரந்தர உத்தியோகம், குடிப்பழக்கம் இல்லை, வரதட்சணை கேட்கவில்லை. அப்பாவைக் கம்பெனிக் கணக்கர் என்றே சித்தி அங்கே சொல்லியிருந்தாள். அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும். இந்த இடம் அமைந்தால் அக்கா பிழைத்துக்கொள்வாள் என்று அம்மா சாமி படத்தின் முன்னால் நின்று வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டேன்.

ஆனேக்கல் அம்மா வந்தாள். கெட்டிச் சுங்குடிப் புடவை, கையில் கண்ணாடி வளையல், உரத்த குரல். அப்பா கோட்டோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். "லீவு போட்டிருக்கார்" என்றாள் அம்மா. அக்கா பாடினாள். பாட்டு முடியும்வரை அந்த அம்மாவின் கண் அக்காவைவிட்டு நகரவில்லை. பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. பிறகு பார்க்கு பக்கம் திரும்பினாள். குனிந்தாள். நாங்கள் யாரும் எதிர்பார்க்காதபடி ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"அட! இது கோணி சொப்பு இல்ல?" என்று சிரித்தாள். "கொலுவுக்கே கீரை போட்டுட்டியா கண்ணு, நல்ல மூளை உனக்கு! மழை புடிச்சா எங்க வீட்டுல தினம் இதான். எங்க வீட்டுக்காரருக்கு இது இல்லாம களி உருண்டையே எறங்காது. நீங்க எப்படிம்மா, புளி போட்டு கடைவீங்களா, தக்காளியா?"

இப்போது நினைத்துப் பார்த்தால் எவ்வளவு நேரான கேள்வி அது. சம்பந்தம் பேச வந்தவள், ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள்தானா நாம் என்று சந்தோஷமாகக் கேட்டாள். ஆனால் அம்மாவுக்கு அது அப்படி விழவில்லை. எங்கள் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டாள் என்றுதான் பட்டது. அம்மாவின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

"ஐயோ, நாங்க இதெல்லாம் சாப்பிடறதே இல்லீங்க" என்றாள் அம்மா. "மாட்டுக்குப் போடற தழைங்க. பச்சையா இருக்குதேன்னு பசங்க வெச்சிட்டாங்க."

அந்த அம்மா மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினாள். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு விழுங்கினாள். "ஓ, அப்படிங்களா" என்றாள். குரல் தணிந்துவிட்டது. மரியாதையாகத் தாம்பூலம் வாங்கிக்கொண்டாள். விடைபெறும்போது அக்காவின் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கினவள், பாதியில் இறக்கிப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அவர்கள் சந்து முனை தாண்டியதும் அம்மா, "நல்லவேளை, கண்டுபுடிக்கல" என்று பெருமூச்சு விட்டாள்.

விஜயதசமிக்குப் பொம்மைகளைப் படுக்கவைத்தோம். பார்க்கைக் கலைக்கும்போது அந்தக் கீரை ஒரு சாண் அளவு வளர்ந்து தளதளவென்றிருந்தது. ராத்திரிக்கு அதைக் கடைவாள் என்று அக்காவும் நானும் ஆசையாகக் காத்திருந்தோம். அம்மா அப்படியே தாம்பாளத்தோடு தூக்கினாள். சித்தி வீடும் அதே சந்தில்தான். அவள் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, சந்து நடுவே நடந்துபோய் பால்காரரின் மாட்டுக்கு முன்னால் மொத்தத்தையும் கொட்டினாள். தான் சொன்ன வார்த்தையை மெய்யாக்க வேண்டுமல்லவா.

"ஹசுகூ ஹப்பானா அம்மா?" மாட்டுக்கும் பண்டிகையா என்று பால்காரர் சிரித்தார். மாடு கண்ணை மூடிக்கொண்டு தின்றது. அன்றைக்கு நாங்கள் வெறும் களியை உப்புத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டோம்.

சில நாள் கழித்துச் சித்தி வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அந்தம்மா என்னா சொல்றாங்கன்னா, 'மாடு திங்கிறதைத் திங்கிறவங்க நாங்க. அவங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்து என்னத்தச் சாப்பிடும்? அவங்க அந்தஸ்துக்குப் பெரிய எடமா பார்த்துக்கட்டும்'னுட்டாங்க. ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? அந்தப் பொண்ணுன்னா அவங்களுக்கு உசுரா இருந்துச்சு."

எங்களுக்குப் பெரிய இடமாம். காலி சர்க்கரை டப்பாவும் காலி ராகிப் பானையும் வைத்திருந்த எங்களுக்கு. சித்தி போனதும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் அம்மா எதிர்வீட்டுக்குப் போனாள். இத்தனை மாதத்தில் யாரிடமும் எதுவும் கேட்காதவள், ஒரு உழக்குத் துவரம்பருப்பு கேட்டு வாங்கிவந்தாள். கொல்லையில் இருந்த கீரையை எல்லாம் பறித்து, பருப்புப் போட்டு, பூண்டு தட்டிப் போட்டு, தாளித்துக் கடைந்தாள். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எங்களுக்கு மத்தில் ஒட்டியது மட்டும் கிடைத்தது, நக்கித் தின்றோம். மீதி அவ்வளவையும் கேரியரில் நிரப்பிக் கரண்டியைச் செருகினாள். அந்த வருஷத்தில் கேரியர் எங்கள் வீட்டிலிருந்து நிறைந்து கிளம்பியது அன்றைக்குத்தான்.

"ஆனேக்கல் பஸ்ஸைப் புடிங்க" என்று அப்பாவிடம் நீட்டினாள்.

"போயி நான் என்னான்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க. வேலை போச்சுன்னு சொல்லுங்க. இதான் சாப்பிடறோம், வெக்கத்துல பொய் சொல்லிட்டாள்னு சொல்லுங்க. சொல்லிட்டு இதக் குடுங்க. அவங்க சாப்பிட்டுப் பார்க்கட்டும்."

சித்திக்கு இது தெரியக் கூடாது, தெரிந்தால் வேலை போன கதை சந்து முழுக்கப் பரவும் என்றும் சொன்னாள். அப்பா கோட்டை மாட்டினார். அக்கா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, கிலுக் கிலுக் சத்தம் தேயும்வரை நின்றாள்.

மாலையில் திரும்பினார். "குடுத்துட்டேன். வாங்கிக்கிட்டாங்க" என்றார். "யோசிச்சு சொல்றேன்னாங்க." அம்மா கும்பிட்டாள். அக்கா கேரியரைக் கழுவக் கொல்லைக்கு எடுத்துப் போனாள். வழக்கத்தைவிட அதிக நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தாள்.

தீபாவளி வந்தது, பொங்கலும் வந்தது. ஆனேக்கல்லிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "உண்மையச் சொன்னா இதான் கெதி" என்றாள். அதற்குப் பிறகு சாகும்வரை எங்கள் வீட்டுக் கஷ்டம் எதையும் அவள் வெளியே சொன்னதில்லை, எங்களையும் சொல்லவிட்டதில்லை. அப்பாவுக்குப் பிறகு ஒரு துணிக்கடையில் சின்ன வேலை கிடைத்தது. அக்காவைக் கோலார் தங்கவயலில் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அக்காவைவிட மிகவும் மூத்தவர், பேசவே மாட்டார், சீக்கிரம் போய்விட்டார். அந்த வீட்டில் மூட்டை மூட்டையாகப் பருப்பு இருந்தது.

அப்பா அம்மா இரண்டு பேரும் காலமாகி எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் சித்தியைப் பார்த்தோம். கண் மங்கி, காது மட்டும் கூர்மையாக இருந்தாள். பழைய கதை பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆனேக்கல் எடம் உனக்குக் கைதவறிப் போச்சு" என்றாள். "அந்தம்மா கோவத்துல சொல்லிட்டாங்களே தவிர, பொங்கல் வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. 'அவங்க வீட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து ரெண்டு வார்த்தை பேசியிருந்தா முடிச்சிருப்பேன், ஒரு ஈ காக்காகூட வரலையே'ன்னு அவங்க பையன் கல்யாணம் முடிஞ்சப்புறம் என்கிட்டயே சொல்லிச்சு. உங்கப்பா ஒரு நடை போயிருக்கலாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சித்தியின் கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை. சித்தியைச் சாப்பிட அனுப்பிவிட்டு நாங்கள் தனியாக உட்கார்ந்ததும் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். கேரியரை நான்தானே கழுவினேன்."

"கழுவினா?"

"கழுவாமத்தான் வந்துச்சு. அடுக்குல எல்லாம் கீரை ஒட்டிக் காஞ்சிருந்துது. அப்பா எங்க குந்தித் தின்னாரோ, யாருக்குக் குடுத்தாரோ. அந்தம்மா கைக்குப் போயிருந்தா கழுவித் தொடைச்சி ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்பியிருப்பாங்க. வெறும் பாத்திரம் அனுப்பற ஆளா அவங்க? மூணு அடுக்கையும் தொறந்து பார்த்தேன். ஒண்ணும் இல்ல."

அவளுடைய வாழ்க்கையே அந்த மூன்று அடுக்கில் இருந்ததே. "ஏன் அப்பவே சொல்லல? அம்மா வேற யாரையாவது அனுப்பியிருப்பாளே. நீயாவது கேட்டிருக்கலாமே!" என்று கல்யாணக் கூட்டத்தில் சத்தம் போட்டுவிட்டேன்.

அக்கா என் தொடையில் கையை வைத்து அடக்கினாள்.

"கேட்டிருந்தா, மறுநாள் காலைல கோட்டை மாட்டிக்கிட்டு அப்பா எங்கடி போவாரு?" என்றாள்.